நாம் விட்டுச் செல்வது சொத்தையா, சண்டையையா?

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மிம்பரில் ஏறும் கதீப், முதலில் தமக்கும் பின்னர் உங்களுக்கும் இறையச்சத்தை வஸிய்யத் செய்வதாகக் கூறுகிறார். ஆண்டுக்கு ஐம்பது தடவைக்கும் மேலாக நம் காதுகளில் விழும் சொல் இது. இதே வஸிய்யத் என்னும் சொல்தான், ஒரு மனிதன் தன் மரணத்திற்குப் பின் தன் பொருள் எங்கே சேர வேண்டும் என்று எழுதி வைக்கும் பத்திரத்திற்கும் பெயராக இருக்கிறது. தக்வாவைப் பற்றிய அறிவுரைக்கும் சொத்தைப் பற்றிய ஏற்பாட்டிற்கும் மார்க்கம் ஒரே பெயரைத் தந்திருப்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு காரியங்கள் அல்ல. இறையச்சம் இல்லாதவன் எழுதும் பத்திரம் அநீதியில் முடியும். தக்வாவைப் பற்றிப் பேசிக்கொண்டே கணக்கை எழுதி வைக்காமல் போகிறவனின் குடும்பமோ காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிற்கும்.

நம் ஜமாஅத்துகளில் இதை நாம் கண்ணால் காண்கிறோம். ஒரே தட்டில் உண்டு வளர்ந்த காக்கா, தம்பிகள், வாப்பா மய்யித்தான நாற்பது நாட்களுக்குள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பெருநாள் தொழுகையில் ஒரே வரிசையில் நின்றும் ஸலாம் சொல்லாமல் கலைகிறார்கள். காரணம் என்ன? பெரும்பாலும் சொத்து குறைவு என்பதல்ல. சொல்லப்படாமல் போனதுதான் காரணம். எது யாருடையது, யாருக்கு எவ்வளவு கடன் என்பதைப் போனவர் சொல்லவில்லை. இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

தலைமாட்டில் இருக்க வேண்டிய தாள்

வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் ஒரு முஸ்லிமிடம் இருக்குமானால், அது எழுத்தில் தன்னிடம் இல்லாத நிலையில் அவர் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இதை அறிவிக்கும் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், இந்தச் சொல்லைக் கேட்ட நாள் முதல், தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தமக்குக் கழிந்ததில்லை என்று கூறுகிறார்கள்.

நாமோ வஸிய்யத் என்றாலே முகம் சுளிக்கிறோம். வாப்பாவிடம் மகன் இதைப் பற்றிக் கேட்டால், நான் எப்போது சாவேன் என்று காத்திருக்கிறாயா என்று கோபம் வருகிறது. மனைவி கேட்டால் அபசகுனம் என்கிறோம். முஸ்லிமுக்குச் சகுனம் ஏது? பத்திரம் எழுதுவதால் மரணம் ஒரு நொடியும் முந்துவதில்லை. எழுதாததால் ஒரு நொடியும் பிந்துவதில்லை. வயதானவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதும் அல்ல இது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அரபு நாட்டில் உழைக்கும் முப்பது வயது இளைஞனுக்கும் இது பொருந்தும். வண்டியில் ஏறிக் கடைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

முதலில் கடன், பிறகே பங்கு

ஒருவர் மரணித்ததும் அவருடைய பொருளில் நான்கு காரியங்கள் வரிசையாக நடைபெற வேண்டும். முதலாவது, வீண் செலவு இல்லாமல் கஃபன், அடக்கச் செலவு. இரண்டாவது, அவருடைய கடன்களைத் தீர்ப்பது. மூன்றாவது, எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கிற்குள் அவருடைய வஸிய்யத்தை நிறைவேற்றுவது. நான்காவதாகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆகிய வசனங்களில் பங்குகளைக் கூறும் இறைவன், அவை வஸிய்யத்திற்கும் கடனுக்கும் பின்னரே என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறான்.

கடன் என்றதும் வங்கியிலும் கடைத்தெருவிலும் வாங்கியதை மட்டும் எண்ணிவிடாதீர்கள். மனைவிக்கு ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காத மஹர் கடன்தான். கணவன் மரணித்த வேளையில், மஹரை மன்னித்தேன் என்று சொல்லும்படி இத்தாவில் அமர்ந்திருக்கும் பெண்ணைச் சுற்றி நின்று கேட்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கண்ணீரில் இருப்பவளிடம் வாங்கும் அந்தச் சொல்லை மனமுவந்த மன்னிப்பு என்று யார் சொல்வது? மஹரைக் கொடுத்துவிட்டு மரணியுங்கள். இயலாவிட்டால் அது கடன் என்று எழுதி வையுங்கள்.

கொடுக்காமல் விட்ட ஸகாத்தும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி அது அல்லாஹ்வுக்குரிய கடனாகப் பங்கீட்டிற்கு முன்னரே கொடுக்கப்பட வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அவர் வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கொடுக்கப்படும். எந்த மத்ஹபைப் பின்பற்றுபவராயினும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

ஆரம்ப காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் வினவுவார்கள். தீர்க்க வழியில்லாத கடன் இருப்பதாகச் சொல்லப்பட்டால், நீங்கள் உங்கள் தோழருக்குத் தொழுது கொள்ளுங்கள் என்று கூறிவிடுவார்கள். அப்படி ஒருமுறை அபூகதாதா (ரலி) அவர்கள், அக்கடனுக்குத் தாம் பொறுப்பு என்று முன்வந்த பிறகே தொழ வைத்தார்கள். நபியின் தொழுகையையே தாமதப்படுத்தும் அளவுக்குக் கனமானது கடன்!

ஸுபைர் (ரலி) காட்டிய வழி

ஒரு தந்தை எப்படிப் போக வேண்டும், ஒரு மகன் எப்படிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களுடைய வரலாறு பேரொளி வீசும் சான்றாகும். ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இடம்பெற்றுள்ள செய்தி இது.

ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டு ஜமல் போர் நாளில் அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார்கள். தாம் இன்று கொல்லப்படக்கூடும் என்றும், தம் உள்ளத்தில் உள்ள பெரும் கவலை தம் கடனே என்றும் கூறினார்கள். நிலத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும்படி பணித்தார்கள். மீதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு வஸிய்யத் செய்தார்கள். அந்த மூன்றிலொன்றில் மூன்றிலொரு பகுதி அப்துல்லாஹ்வின் பிள்ளைகளுக்கு, அதாவது தம் பேரர்களுக்கு என்றும் குறிப்பிட்டார்கள். தீர்க்க இயலாமல் திணறினால் தம் எஜமானிடம் உதவி கேட்குமாறும் சொன்னார்கள். அந்த எஜமான் யார் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்று பதில் வந்தது.

அவர்கள் ஆட்சிப் பொறுப்பிலோ வரி வசூலிலோ இருந்து பொருள் சேர்த்தவர் அல்லர். பிறகு கடன் வந்தது எப்படி? மக்கள் தம் பொருளை அமானிதமாகக் கொடுக்க வருவார்கள். அமானிதம் தொலைந்துவிட்டால் அவர்களுக்கு நஷ்டமாகிவிடுமே என்று அஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த கடனைக் கணக்கிட்டபோது அது 22 இலட்சமாக இருந்தது! கையில் ரொக்கம் ஏதுமில்லை. நிலமும் வீடுகளும்தான் இருந்தன. ஒரு இலட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கிய ஃகாபா என்னும் நிலத்தை அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் 16 இலட்சத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

கடன் தீர்ந்ததும் மற்றப் பிள்ளைகள் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, அது அவர்களின் உரிமை. ஆனால் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஸுபைர் மீது யாருக்கேனும் கடன் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று ஹஜ்ஜுடைய காலத்தில் நான்கு ஆண்டுகள் அறிவிப்புச் செய்யாமல் பிரிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் அப்படியே அறிவித்தார்கள். அதன் பிறகே மூன்றிலொரு பங்கை ஒதுக்கி, எஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள்.

இதில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். தந்தை கடனை மறைக்கவில்லை. பொறுப்பாளர் ஒருவரைத் தம் வாயாலேயே நியமித்தார்கள். பேரர்களை மறக்கவில்லை. பொறுப்பேற்ற மகனோ, தம் கையில் இருப்பது தம் சொத்து என்று நினைக்கவில்லை. அண்ணன் கையில் சாவி இருக்கிறது என்பதற்காக வீடு அண்ணனுக்கு உரியதாகிவிடாது.

பெண்மக்களின் பங்கு

உஹதுப் போரில் ஸஅத் இப்னுர் ரபீஃ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அன்றைய அரபு வழக்கம் அதுதான். அந்த விதவைத் தாய் தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, மீதமிருப்பதை நீர் எடுத்துக்கொள்ளும் என்று தீர்ப்பளித்தார்கள். ஓர் ஏழைத் தாயின் முறையீட்டிற்குக் குர்ஆன் பதில் சொன்னது.

குர்ஆன் கொடுத்ததை இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறோம்? கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அவளுக்கு இனி என்ன பங்கு என்கிறோம். சகோதரர்களே! கைக்கூலி கேட்டவன் செய்தது ஒரு பாவம்; அதைக் கொடுத்த கணக்கைக் காட்டி மகளின் பங்கை மறுப்பது இன்னொரு பாவம். ஒரு பாவத்தால் மற்றொரு பாவம் ஹலாலாகாது. திருமணத்தில் மனமுவந்து கொடுத்தது அன்பளிப்பு. மரணத்திற்குப் பின் கிடைப்பது அல்லாஹ் நிர்ணயித்த பங்கு. முன்னதைக் கொடுத்துப் பின்னதைக் கழித்துக்கொள்ள நமக்கு அதிகாரம் இல்லை.

சிலர், வாப்பா உயிருடன் இருக்கும்போதே ராத்தா, தங்கையரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வாரிசுரிமை பிறப்பது மரணத்தில்தான். இன்னும் பிறக்காத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? பிறந்த பின்னர் ஒரு சகோதரி முழு மனதோடு, எவ்வளவு என்பதை அறிந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. ஆனால் பங்கு கேட்டால் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில் போடும் கையெழுத்து, மறுமையில் நமக்கு எதிரான சாட்சியாகும். பங்கைச் சொல்லும் வசனங்களை அடுத்து, அந்நிஸா அத்தியாயத்தின் 14-ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் வரம்புகளை மீறுவோருக்கு நரகத்தைக் கொண்டு எச்சரிக்கிறான். அதை அஞ்ச வேண்டாமா?

கணக்கு கடினமானதன்று. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மரணிக்கிறார், பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் வஸிய்யத்தும் போக 40 இலட்சம் ரூபாய் இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 இலட்சம். மீதி 35 இலட்சத்தில் ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்ற விதிப்படி, ஆண்மக்களுக்குத் தலா 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம். தாயோ தந்தையோ உயிருடன் இருந்தால் அவர்களுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. அப்போது மற்றவர்களின் கணக்கு மாறும். ஆகவே ஊரில் உள்ள ஆலிமிடம் குடும்ப விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்று எதற்காக?

விடைபெறும் ஹஜ்ஜின்போது ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றார்கள். தமக்கு ஒரு மகளைத் தவிர வாரிசு இல்லை என்று கூறி, பொருளில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதியைக் கேட்டபோதும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவு உள்ளவர்களாக விட்டுச் செல்வதே மேல் என்றும் விளக்கினார்கள். பிள்ளைகளுக்குப் பொருள் வைத்துச் செல்வது உலக ஆசை அன்று. முறையோடு செய்தால் அதுவும் வணக்கம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இந்த மூன்றிலொரு பங்கை வாரிசுகளில் ஒருவருக்கு எழுத இயலாது. மற்ற வாரிசுகள், அவர் மரணித்த பின்னர் சம்மதித்தாலன்றி. ஏனெனில் வாரிசுக்குரியதை அல்லாஹ்வே கொடுத்துவிட்டான். அப்படியானால் யாருக்கு? வாரிசு அல்லாத உறவினர், ஏழைகள், பள்ளிவாசல், மதரஸா, கல்வி, மருத்துவம். இவர்களில் நாம் பெரிதும் மறந்துவிடுவது தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளை.

பாட்டனாருக்கு இரு ஆண்மக்கள். மூத்தவர் இளம் மனைவியையும் சிறு குழந்தைகளையும் விட்டு முன்னரே மரணித்துவிடுகிறார். பின்னர் பாட்டனார் மரணித்தால், இளைய மகன் உயிருடன் இருக்கும் நிலையில் அந்த யதீம் பேரர்கள் வாரிசாக மாட்டார்கள். நெருங்கியவர் இருக்கத் தூரத்தவருக்கு இல்லை என்பது ஃபிக்ஹு விதி. இதைச் சொல்லி, இஸ்லாம் அநாதைகளைக் கைவிட்டுவிட்டது என்று சிலர் குறை பேசுகிறார்கள். இஸ்லாம் கைவிடவில்லை, வஸிய்யத் என்னும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் நுழையாமல் உறங்கியது நாம்தான். எகிப்து 1946-ஆம் ஆண்டில் கட்டாய வஸிய்யத் சட்டத்தின் மூலமும், பாகிஸ்தான் 1961-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின் மூலமும் இத்தகைய பேரர்களுக்கு வழி செய்தன. நம் நாட்டு முஸ்லிம்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே இங்கே பாட்டனாரின் பேனாதான் அந்தக் குழந்தைகளின் பாதுகாப்பு. மகனை இழந்த பெரியவர் எவரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவரிடம் உரிமையுடன் கேட்கிறேன்: அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றிலொரு பங்கிற்குள் எழுதிவிட்டீர்களா?

எழுதாமலே அவர் போய்விட்டால் சாச்சாமார்களுக்குக் கடமை இல்லையா? உண்டு. பங்கீட்டு நேரத்தில் உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுத்து, கனிவாகப் பேசுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. அதை அடுத்த வசனம், தமக்குப் பின் பலவீனமான குழந்தைகளை விட்டுச் செல்ல நேர்ந்தால் எப்படி அஞ்சுவார்களோ அப்படி அஞ்சட்டும் என்று நம் இதயத்தைத் தட்டுகிறது.

உயிருடன் இருக்கும்போது கொடுப்பது

ஒருவர் தம் வாழ்நாளில் பிள்ளைகளுக்கு ஹிபா, அதாவது அன்பளிப்புச் செய்யலாம். கொடுப்பவர் கொடுப்பதும், பெறுபவர் ஏற்பதும், பொருளை ஒப்படைப்பதும் அதற்கு வேண்டும். காகிதத்தில் மட்டும் எழுதி, சாவியும் வாடகையும் தம்மிடமே வைத்துக்கொண்டால் பின்னால் வழக்கு வரும்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை ஓர் அன்பளிப்புச் செய்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அநீதிக்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். மகளுக்குப் பங்கு போகக்கூடாது என்பதற்காகவே சாகும் முன் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்கிறவர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளைப் பெறலாம். நபி (ஸல்) அவர்கள் சாட்சி நிற்க மறுத்த பத்திரம் அது என்பதை நினைவில் கொள்ளட்டும்.

வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் அனுப்பிய பணத்தில் வாப்பாவின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ நிலம் வாங்கப்படுகிறது. அது வாப்பாவுக்கு அன்பளிப்பா, உங்களுக்காக வாங்கப்பட்டதா, கூட்டா? அன்றே எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்கிறோம். அண்ணன் தம்பியாகவே நீடிப்பதற்குத்தான் எழுத்து!

அழியாத சொத்து: வக்ஃபு

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புள்ள பொருள் தமக்குக் கிடைத்ததில்லை என்று கூறி, நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யும்படி வழி காட்டப்பட்டது. விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசாக அடையக்கூடாது என்ற நிபந்தனையுடன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் அதை வக்ஃபு செய்தார்கள். அதன் நிர்வாகத்தைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பெண்மக்கள் நிர்வாகத்திற்குத் தகுதியற்றவர்கள் என்று அந்த வீட்டில் எவரும் எண்ணவில்லை.

முன்னர் சொன்ன ஸுபைர் (ரலி) அவர்களும் தம் வீடுகளை வக்ஃபு செய்து, மணவிலக்குப் பெற்றுத் திரும்பும் தம் பெண்மக்கள் அங்கே வசிக்கலாம் என்றும், மறுமணம் செய்து நிறைவடைந்துவிட்டால் அவ்வுரிமை இல்லை என்றும் நிபந்தனை விதித்தார்கள். வாழாவெட்டி என்று பழிக்கப்படும் மகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்று அந்த ஸஹாபி தம் வாழ்நாளிலேயே எண்ணினார்கள். நாம் எண்ணியிருக்கிறோமா?

குடும்பத்தாருக்காகச் செய்யும் இத்தகைய வக்ஃபை ஆங்கிலேயர் காலத்தில் 1894-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. முஸ்லிம்களின் தொடர்ந்த கோரிக்கையால் 1913-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டு அது மீண்டும் செல்லுபடியானது. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், குடும்ப வக்ஃபின் பெயரால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையை மறுக்கக்கூடாது என்கிறது. அச்சட்டத்தின் பிற பிரிவுகள் குறித்து வழக்குகள் இருப்பதை நாம் அறிவோம். எனினும் வாரிசின் உரிமையைப் பறிக்கும் சூழ்ச்சியாக வக்ஃபை ஆக்கக்கூடாது என்பது நமக்குப் புதிய செய்தி அன்று; அது நம் மார்க்கத்தின் செய்தி. புதிதாக வக்ஃபு செய்வோர் வழக்கறிஞரையும் ஆலிமையும் கலந்துகொண்டு எழுத்தில் செய்யுங்கள்.

நாட்டுச் சட்டமும் நம் அலட்சியமும்

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நம் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தையே அளவுகோலாக்கியது. அதில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விவசாய நிலமும் சேர்க்கப்பட்டது. ஆகவே நஞ்சையிலும் தென்னந்தோப்பிலும் பெண்ணுக்குப் பங்கில்லை என்று தமிழகத்தில் எவரும் சொல்ல முடியாது. பிறந்த உடனேயே பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிடும் என்பதும் நம் சட்டம் அன்று. தந்தை உயிருடன் இருக்கும்வரை அவர் சொத்து அவருடையதே.

வங்கியில் நாமினி என்று ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டால் எல்லாம் அவருக்கே என்று எண்ணுகிறார்கள். நாமினி பொருளைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். நிறுவனப் பங்குகள் குறித்தும் நாமினி வாரிசுரிமையை மாற்றிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை நியமிக்கலாம். யாரை நியமித்தாலும், இது உன் கையில் அமானிதம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். பத்து ஆண்டுகள் எவரும் தொடாத வங்கி இருப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. வாரிசுகள் பின்னர் கேட்டுப் பெறலாம் என்றாலும், கணக்கு இருப்பதே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

பொருளை விட மேலான சொத்து

யஃகூப் (அலை) அவர்களுக்கு மரணம் நெருங்கியபோது பிள்ளைகளைக் கூட்டி என்ன கேட்டார்கள்? ஆட்டு மந்தையைப் பற்றி அல்ல. கிணற்றைப் பற்றி அல்ல. எனக்குப் பின் எதை வணங்குவீர்கள் என்றுதான் கேட்டார்கள். அல்பகரா 133-ஆம் வசனம் அக்காட்சியை நமக்குக் காட்டுகிறது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்னவற்றில் இணைவைக்காமை, தொழுகை, பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் என்று எல்லாமே குணச் சொத்துகள்.

கஹ்ஃப் அத்தியாயத்தின் 82-ஆம் வசனத்தில், இரு யதீம் சிறுவர்களின் புதையல் ஒரு சுவரின் கீழ் இருந்ததையும், கிள்ரு (அலை) அவர்கள் அச்சுவரைக் கூலியின்றி நிமிர்த்தியதையும் காண்கிறோம். அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார் என்று அவ்வசனம் காரணம் சொல்கிறது. தந்தை விட்டுச் சென்றது இரண்டு: ஒன்று புதையல், மற்றொன்று நற்குணம். புதையலை அந்த நற்குணம் காத்தது.

குடும்பத்தின் குணம் தலைமுறை தாண்டுவது எப்படி? ஒரு பயணத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு கிராமவாசியைச் சந்தித்தார்கள். தம் வாகனத்தையும் தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உடன் இருந்தவர்கள் வியந்தபோது, இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பராக இருந்தார் என்றும், தந்தையின் நண்பர்களோடு உறவைப் பேணுவது சிறந்த நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டேன் என்றும் கூறினார்கள். தந்தையின் நட்பும் வாரிசாகப் பெறக்கூடிய சொத்து! வாப்பா உதவி வந்த ஏழை வீட்டுக்கு வாப்பாவுக்குப் பின்னும் உதவி போக வேண்டும். அதைப் பிள்ளைகள் அறிய வேண்டுமானால், கொடுக்கப் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம், கையில் உள்ள அமானிதம், மஹர், ஸகாத் நிலுவை ஆகியவற்றை எழுதுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு, சீட்டு, நகை எங்கே என்று எழுதுங்கள். எந்தச் சொத்து உங்களுடையது, எது மனைவியுடையது, எது கூட்டு என்று பிரித்துக் காட்டுங்கள். மனைவியின் நகையும் அவர் வீட்டிலிருந்து வந்த பொருளும் உங்கள் சொத்தில் சேராது.

மூன்றிலொரு பங்கிற்குள் வஸிய்யத்தை எழுதி, நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாளராகக் குறிப்பிட்டு, இரு சாட்சிகளின் கையெழுத்தைப் பெறுங்கள். முஸ்லிமின் வஸிய்யத்திற்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்தால் வழக்கு குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, ரமளானில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போதே இதையும் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு மனைவியையும், ஆண்மக்களையும் பெண்மக்களையும் ஒன்றாக அமர்த்தி, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். வாப்பா சொன்னதைக் காதால் கேட்ட பிள்ளைகள் பிற்பாடு வக்கீலிடம் போவது அரிது.

ஏற்கனவே பிரிக்காமல் கிடக்கும் பாட்டனார் சொத்து உங்கள் கையில் இருக்குமானால், இந்த வெள்ளிக்கிழமையைக் கடத்தாதீர்கள். இன்றே உங்கள் சகோதரியின் வீட்டிற்குச் செல்லுங்கள். அவர் கேட்டு நீங்கள் கொடுப்பதைவிட, அவர் கேட்காமலே நீங்கள் போய் நிற்பது உங்கள் கண்ணியத்தை உயர்த்தும். உங்கள் பொருளில் பரக்கத்தையும் கொண்டு வரும்.

மனிதன் மரணித்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் நிற்பதில்லை என்பது நபிமொழி. சொத்துச் சண்டையில் நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் பிள்ளைகள், வாப்பாவின் பெயரை மனுவில் எழுதுவார்கள்; துஆவில் சொல்ல மறந்துவிடுவார்கள். நீதியோடு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனவரின் பிள்ளைகளோ, வியாழன் இரவில் ஒன்றாக அமர்ந்து அவருக்காக யாஸீன் ஓதிக் கையேந்துவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களைத் தீர்த்து வைத்த பின்னரே எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக! எங்கள் பெண்மக்களின், யதீம்களின் உரிமை எங்கள் கழுத்தில் தொங்கும் நிலையில் எங்களை மரணிக்கச் செய்துவிடாதே! எங்களுக்குப் பின் எங்கள் பிள்ளைகளை ஒற்றுமையுடனும் ஈமானுடனும் வாழச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!